பளபளக்கும் துப்பாக்கிக் கட்டையின் பூச்சை உரிப்பது எப்படி?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பென்சில்வேனியாவில் இருக்கிறீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பரிடம் ஒரு பழைய ரெமிங்டன் 700 பிடிஎல் துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள். அதன் மரக்கட்டை கண்ணாடி போர்த்தியது போல மின்னுகிறது. கைப்பிடி அருகே பூச்சு வெடித்து, வெடிப்பைச் சுற்றி வெள்ளை பூத்திருக்கிறது. கடையில் கிடைத்த பெயின்ட் ரிமூவரை இரண்டு தடவை போட்டும் அசையவில்லை, 80 நம்பர் உப்புத்தாளும் வழுக்கிக்கொண்டு போகிறது. எண்ணெய் தேய்த்த மரம் போல மங்கலாக வேண்டும், மான் வேட்டைப் பருவத்துக்குள் முடியுமா என்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ‘எந்த மருந்து போட்டால் போகும்’ என்ற கேள்விதான். ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இந்தப் பூச்சு என்ன, மரத்தை இழக்காமல் அதை மட்டும் எப்படி எடுப்பது. இரண்டாவதுதான் முக்கியம். நாசமான கட்டைகள் என்னிடம் வந்தபோதெல்லாம் அவற்றைக் கெடுத்தது பழைய பூச்சு அல்ல, அதை எடுக்கப் போன கைதான்.

நான் பாலிஷ்காரன். அப்பாவிடம் அரக்கையும் ஸ்பிரிட்டையும் வைத்துத் தொழில் கற்றவன். 19 வருடமாக ஒஹாயோவில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை. இலையுதிர் காலம் வந்தால் மேசை நாற்காலிக்கு நடுவே துப்பாக்கிக் கட்டைகளும் வரும். கட்டை என்று நான் சொல்வது இங்கே எல்லோரும் ஸ்டாக் என்பதைத்தான். மரத்தைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். இரும்புப் பாகம், குதிரை, குழல் இவற்றுக்கு நீங்கள் துப்பாக்கி மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. உங்கள் நிலை என்னவென்று நீங்கள் எழுதவில்லை, ஒரு வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் பூச்சைப் பார்ப்போம். 700 மாடல் 1962இல் வந்தது. ரெமிங்டனின் பெரும்பங்கு 1933 முதல் 1993 வரை டூபான்ட் ரசாயன நிறுவனத்திடம் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டைகளுக்கு ஆர்கேடபிள்யூ என்ற டூபான்ட் பூச்சு வந்து சேர்ந்தது. பவுலிங் விளையாட்டில் உருளைப் பந்து மோதிச் சாய்க்கிற மரப் பின்களுக்குப் போட்ட பூச்சுதான் இது என்று இங்கே எல்லாப் பாலிஷ்காரர்களும் சொல்வார்கள். சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் கஷ்டம் இருக்காது. அரக்கும் லாக்கரும் காய்ந்த பிறகும் தங்கள் கரைப்பானில் மறுபடி கரையும். இது காயும்போதே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும் வகை. பிறகு கரைப்பான் அதைக் கரைக்காது, அதிகம் போனால் ஊற வைத்து உப்ப வைக்கும். உங்கள் ரிமூவர் தோற்றது இதனால்தான், நீங்கள் தப்பாகப் போட்டதனால் அல்ல.

ஆனால் உங்கள் கட்டையில் இருப்பது நிஜமாகவே அந்த முதல் பூச்சுதானா என்பதை நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நடுவில் யாராவது வேறு ஏதாவது அடித்திருக்கலாம். சோதனை எளிது. கட்டையின் பின்முனைத் தகட்டைக் கழற்றினால் அதன் ஓரத்தில் வெளியே தெரியாத இடம் கிடைக்கும். பஞ்சில் ஸ்பிரிட் (இங்கே கடையில் டீநேச்சர்ட் ஆல்கஹால் என்பார்கள்) தொட்டு அங்கே அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லையென்றால் லாக்கர் தின்னர் வையுங்கள். இளகினால் லாக்கர், அப்படியே வழித்து எடுத்துவிடலாம். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் நான் சொன்ன வகை, அல்லது அதன் பங்காளியான பாலியூரித்தேன். கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

உரிக்கும் முன் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: தொந்தரவு மினுமினுப்பா, வெடிப்பா? மினுமினுப்பு மட்டும் என்றால் உரிக்கவே வேண்டாம். நாலு பூஜ்ய நம்பர் (0000), அதாவது மிக மெல்லிய இரும்புக் கம்பளியை மெழுகில் தோய்த்து, மர ரேகை ஓடும் திசையிலேயே ஒரு மாலை முழுக்கத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு முட்டைத்தோடு போல மங்கிவிடும். பூச்சு அப்படியே இருக்கும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அழகில்லை என்று நாம் ஒதுக்குகிற இந்தத் தடித்த பூச்சு, ஈரத்தைத் தடுப்பதில் எந்த எண்ணெயையும் விடச் சிறந்தது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகம் பலவகைப் பூச்சுகளை ஈரக் காற்றில் வைத்துச் சோதித்திருக்கிறது. அதில் வெறும் ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய பூச்சே இல்லாத மரத்தோடு நின்றது. எபாக்ஸி போன்றவை முன்வரிசையில் நின்றன. எண்ணெய்க்கு மாறுகிறவர் அழகை வாங்கிக்கொண்டு காவலைக் கொடுக்கிறார். அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

உங்கள் விஷயத்தில் வெடிப்பு இருக்கிறது, வெள்ளை பூத்திருக்கிறது. பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரமோ காற்றோ புகுந்து பூச்சு மரத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. ஆக, உரிக்க வேண்டியதுதான். அதே சமயம் அந்த வெடிப்பு பூச்சில் மட்டுமா, மரத்திலும் ஓடுகிறதா என்று பாருங்கள். கைப்பிடி மெலிந்து வரும் இடத்தில், இரும்பின் வால் வந்து முடிகிற மூலையில், சுடும்போது வரும் உதை முழுக்க இறங்கும். அங்கே மயிரிழையாக மரம் விரிசல் விட்டிருந்தால் பாலிஷ் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அதற்கு மேல் நான் யோசனை சொல்ல மாட்டேன். உரித்தால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும் என்பதும் உண்மை. பிடிஎல் ஏராளமாகச் செய்யப்பட்ட மாடல், அதனால் நான் பெரிதாகத் தயங்க மாட்டேன். இதுவே கட்டையில் ராணுவப் பரிசோதகரின் முத்திரை பதிந்த எம்1 கேரண்ட் என்ற பழைய ராணுவ ரைஃபிள் என்றால் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே விட மாட்டேன்.

இனி வேலை. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை உருவி, கட்டையிலிருந்து இரும்பு முழுவதையும் பிரித்து வேறு அறையில் வையுங்கள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்முனையில் இருக்கும் கறுப்புத் துண்டு மரமல்ல, பிளாஸ்டிக். அதன் ஓரத்திலும் கைப்பிடி மூடியிலும் உள்ள வெள்ளைக் கோடுகளும் பிளாஸ்டிக்தான். கழற்ற முடிந்தவற்றைக் கழற்றுங்கள். முன்முனைத் துண்டு ஒட்டியது, வராது. அதன் மேல் மருந்தும் படக்கூடாது, சூடும் படக்கூடாது.

யூடியூபில் ஒருவர் டப்பாவைத் திறந்து தடவி பத்து நிமிடத்தில் பூச்சை வழித்தெடுக்கிறார், அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அது மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய ரிமூவராக இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2019 நவம்பர் முதல் பொதுமக்களுக்கு அதை விற்கத் தடை போட்டுவிட்டது, 2024இல் தடையை இன்னும் விரிவாக்கியது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். மூச்சில் போனதை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றும். குளியலறைக்குள் உட்கார்ந்து தொட்டிப் பூச்சை உரித்த தொழிலாளிகள் அங்கேயே இறந்திருக்கிறார்கள். பழைய கராஜில் ஒரு டப்பா கிடைத்தாலும் திறக்காதீர்கள், ஊராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பென்சைல் ஆல்கஹால் வகை. நான் பார்த்தவரை அவை இந்தப் பூச்சில் வேலை செய்யும், ஆனால் மிக மெதுவாக. கனமாகப் பூசி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, காயவிடாமல் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். அதையும் இரண்டு மூன்று தடவை. இரண்டு தடவை போட்டேன் என்றீர்கள், மூடி வைத்தீர்களா என்று சொல்லவில்லை. காய்ந்துபோன மருந்து எதையும் செய்யாது. அடுப்பு கழுவும் காரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். காரம் வால்நட் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து கறுக்க வைக்கும். வெந்நீரில் நனைந்த கட்டை முறுக்கிக்கொள்ளும்.

என் பட்டறையில் இந்தப் பூச்சுக்கு மருந்து இரண்டாவதுதான். முதலில் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி, கூடவே சுரண்டு தகடு. ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, உள்ளங்கை அகல இடத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பூச்சு அப்பளம் பொரிவது போலக் குமிழ் விட்டு எழும். அந்த நொடியில் முனை மழுங்கிய தகட்டால் தள்ளினால் செதில் செதிலாக வரும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே விலக்குங்கள். கருகிய மரத்தைத் திருப்ப வழியில்லை. திறந்த வெளியில், கரிம ஆவிக்கான வடிகட்டி போட்ட முகமூடியோடு செய்யுங்கள்.

சூடு காட்ட முடியாத இடங்களுக்கும், மிச்சத்துக்கும் தகடு மட்டும். அது வெறும் மெல்லிய எஃகுத் தகடு. அதன் விளிம்பை அரத்தால் நேராக்கி, ஒரு கெட்டியான உருண்டைக் கம்பியால் அழுத்தி இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி விளிம்பில் உருவாகும். வெட்டுவது அந்தக் கொக்கிதான். இரு கைகளாலும் பிடித்து, கட்டைவிரல்களால் லேசாக வளைத்து, மரத்தின் மேல் கொஞ்சம் முன்சாய்த்துத் தள்ளுங்கள். வருகிற சீவலைப் பாருங்கள். வெள்ளையாக, பொடி கலந்து உதிர்ந்தால் அது பூச்சு. பழுப்புச் சுருள் வர ஆரம்பித்தால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள், அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். உப்புத்தாளில் இந்த எச்சரிக்கை கிடைக்காது. அதிலும் 80 நம்பர் இந்த வேலைக்கே கூடாது. அது போட்ட கோடுகள் கண்ணுக்கு மறைந்தது போலிருக்கும், எண்ணெய் பட்டதும் எல்லாம் எழுந்து நிற்கும்.

இதை அடித்துச் சொல்லக் காரணம் என் கையால் நடந்த ஒன்று. நான் எடுத்துச் செய்த மூன்றாவது கட்டை. இரும்பின் வால் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பூச்சு பிடிவாதமாக இருந்தது. கையில் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பூச்சு போனது. இரும்பைத் திரும்பப் பொருத்தியபோது, மரத்தோடு சமமாக இருக்க வேண்டிய இரும்பு ஒரு தபால் அட்டை கனத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. வாங்க வந்தவர் எதுவும் பேசாமல் அந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்து முன்னும் பின்னும் தடவினார். அவர் தாத்தாவின் துப்பாக்கி அது. எடுத்த மரத்தை ஒட்ட வைக்க முடியாது. அன்றிலிருந்து இரும்பைத் தொடும் விளிம்புகளில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு நிறுத்திவிட்டு, அந்த ஓரத்தைத் தகட்டால் மட்டும் தொடுகிறேன். பின்முனைத் தகட்டை டேப் சுற்றிக் கட்டையில் மாட்டிய பிறகே அந்த ஓரத்தைத் தேய்க்கிறேன், இல்லையென்றால் மூலை உருண்டுவிடும். உப்புத்தாளை எப்போதும் ஒரு தக்கைத் துண்டில் சுற்றித்தான் பிடிக்கிறேன். குழிக்குள், இரும்பு உட்காரும் பக்கம், எதையும் தேய்ப்பதில்லை.

கைப்பிடியிலும் முன்பக்கத்திலும் உள்ள கட்டம் போட்ட வேலைப்பாட்டில் உப்புத்தாளும் தகடும் படவே கூடாது. பழைய பிடிஎல் கட்டைகள் பலவற்றில் அது செதுக்கியது அல்ல, அச்சு வைத்து அழுத்தியது. ஆழம் குறைவு. அந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிக் கடைசியாக விட்டுவைத்து, பென்சைல் ஆல்கஹால் மருந்தை மட்டும் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் கோடுகளின் திசையில் துலக்குங்கள். முழுக்கப் போகாவிட்டால் பரவாயில்லை, அங்கே கொஞ்சம் மிஞ்சினால் யார் கண்ணிலும் படாது.

பூச்சு போனதும் மரத்தை மினரல் ஸ்பிரிட்டால் துடையுங்கள் (இது பெட்ரோலியத் தின்னர், மேலே சொன்ன ஸ்பிரிட் அல்ல). இரண்டு விஷயம் தெரியும். பூச்சு மிச்சம் இருக்கும் இடம் நனையாமல் வெளிறித் திட்டுத்திட்டாக நிற்கும். இன்னொன்று, எண்ணெய் ஏறினால் என்ன நிறம் வரும் என்பது. ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். நான் உரித்த ரெமிங்டன் கட்டைகளில் அந்தச் சிவப்புத் தேன் நிறத்தில் பெரும்பகுதி பூச்சில்தான் இருந்தது. அடியில் இருந்தது சாதுவான பழுப்பு வால்நட். உங்களுடையது எப்படி என்று உரித்த பிறகுதான் தெரியும். பழைய நிறமே வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் சாயம் கொடுக்க வேண்டும், எண்ணெய்க்குப் பிறகு முடியாது. நான் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

நசுங்கல்கள் இருந்தால் இப்போதே எடுங்கள். ஈரத் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடி அழுத்துங்கள். ஆவி புகுந்து அமுங்கிய நார் எழுந்துவிடும். நார் அறுந்த கீறலாக இருந்தால் எழாது. பிறகு 180, 220, 320 என்று உப்புத்தாள், ரேகையோடு மட்டும். கடைசியில் ஈரத் துணியால் துடைத்துக் காய விட்டால் மெல்லிய மயிர் போல நார் எழும். அதை 320ஆல் லேசாக எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போது முகமூடி அவசியம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் டப்பாவின் பெயரை நம்பாதீர்கள். ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று விற்பதில் பல, வார்னிஷும் தின்னரும் கலந்தவை. ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெய் காய்ச்சியது அல்ல, சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்தது. இரண்டுமே கெட்டதல்ல, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தால் போதும். மான் வேட்டையில் மழையும் பனியும் உண்டு என்பதால் உங்களுக்கு நான் சொல்வது ட்ரூ ஆயில் மாதிரி, ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாக வைத்து வார்னிஷ் போல இறுகும் வகை. முதல் இரண்டு கைப் பூச்சை 400 நம்பர் தாளால் எண்ணெயோடு சேர்த்தே தேய்த்தால், மரத்தூளும் எண்ணெயும் குழைந்து சேறு போலாகி வால்நட்டின் துளைகளை நிரப்பும். அதன் பிறகு விரல்நுனியில் ரெண்டு மூன்று சொட்டு, சூடேறும்வரை தேய்த்து, ஒரு நாள் காய விட்டு, மறுபடி. எட்டு கை போனால் போதும். கடைசிக் கை நன்றாகக் காய்ந்ததும் இரும்புக் கம்பளியால் ஒரு தடவை மங்க வையுங்கள், நீங்கள் கேட்ட அந்த எண்ணெய் மரத் தோற்றம் வந்துவிடும். பின்முனைத் தகட்டுக்கு அடியில் தெரியும் வெட்டுமுகத்தையும் குழல் படுக்கும் வாய்க்காலையும் மறக்காதீர்கள். அங்கேதான் மரம் தண்ணீர் குடிக்கும். உறிஞ்சுவது நிற்கும்வரை அங்கே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மெல்லிய கையாக, குழிக்குள் தேங்காமல்.

எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் உலரும்போது சூடு வெளிவிடும். குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். உங்கள் மாநிலத்திலேயே 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் 22ஆம் மாடியில் தீ தொடங்கியது இப்படித்தான். மரப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியே கொடியில் தனித்தனியாகக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

காலக் கணக்கு: உரிப்பதற்கு இரண்டு வார இறுதி, எண்ணெய்க்குப் பத்து நாள், அதன் பிறகு முழுதாக இறுக மூன்று நான்கு வாரம். உங்கள் மாநிலத்தில் ரைஃபிள் பருவம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. செப்டம்பரில் கை வைத்தால் நிதானமாக முடிக்கலாம். அக்டோபர் கடைசி ஆகிவிட்டால் இந்த வருடம் அப்படியே எடுத்துப்போங்கள், ஜனவரியில் செய்யலாம்.

திரும்பப் பூட்டிய பிறகு ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். முன்முனை அருகே காகிதம் நின்றுவிட்டால் எண்ணெய் தடித்துவிட்டது என்று பதறி அங்கே தேய்க்கப் போகாதீர்கள். இந்தக் கட்டைகளில் தொழிற்சாலையே முனையில் குழலைத் தாங்க ஒரு மேட்டை விட்டிருக்கிறது. வேறு இடத்தில், அதுவும் ஒரு பக்கம் மட்டும் உரசினால்தான் கவனிக்க வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. கட்டையைக் கழற்றி மாட்டினாலே குண்டு படும் இடம் கொஞ்சம் நகரக்கூடும். அதனால் காட்டுக்குப் போகும் முன் சுடுதளத்தில் குறியை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.